‘ரிட்டர்ன் உங்களால் ரத்து செய்யப்பட்டது’: ஆன்லைனில் வாங்கிய மிக்ஸிக்குப் பணம் திரும்புமா?

கேள்வி: ஆன்லைன் தளம் ஒன்றில் 750 வாட் மிக்ஸி என்று பார்த்து, 4,890 ரூபாய் கட்டி வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் அடிப்பாகத் தகட்டில் 500 வாட் என்று இருந்தது. மறுநாளே ரிட்டர்ன் போட்டேன். எடுக்க வந்த பையன், ‘ஆப்பில் இருக்கிற விவரமும் பொருளும் பொருந்தவில்லை’ என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். அன்று மாலையே ‘ரிட்டர்ன் உங்களால் ரத்து செய்யப்பட்டது’ என்று ஆப் காட்டியது. சாட்டில் கேட்கும்போதெல்லாம் ‘48 மணி நேரம் பொறுங்கள்’ என்கிறார்கள். ‘இதற்கு ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான், ரீஃபண்ட் கிடையாது; நாங்கள் இடைத்தளம் மட்டுமே’ என்றும் சொல்கிறார்கள். ஒரு ஸ்டார் கொடுத்து ரிவ்யூ எழுதினேன். விற்பனையாளர் போனில் கூப்பிட்டு, அதை எடுத்தால் பணம் தருவதாகவும் எடுக்காவிட்டால் மானநஷ்ட வழக்குப் போடுவதாகவும் சொல்கிறார். 40 நாளாகிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பொருந்தவில்லை என்பதுதானே உங்கள் புகாரே! அதையே காரணமாகச் சொல்லிப் பொருளை எடுக்காமல் போனது விசித்திரம்தான், ஆனால் அடிக்கடி நடப்பது. எடுக்க வருபவர் கையில் இருப்பது தளம் கொடுத்த சரிபார்ப்புப் பட்டியல். மாடல் மாறியிருந்தால் எடுக்கக் கூடாது என்று அதில் இருக்கும். தவறான மாடலை அனுப்பியதே விற்பனையாளர்தான் என்பதைக் குறிக்க அதில் இடமிருக்காது.

உங்கள் உரிமையில் குழப்பம் ஒன்றுமில்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில் 6-வது விதியைப் பாருங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்பது தளம் எழுதிக்கொண்ட கொள்கை. விதிக்கு மேலே அது நிற்காது.

நீங்கள் சறுக்கிய இடம் சாட். எதிர்முனையில் பேசுபவருக்கு, பெரும்பாலும், உங்கள் டிக்கெட்டை மூடுவதுதான் வேலை. ‘48 மணி நேரம்’ என்ற சொல் சட்டத்திலும் இருக்கிறது, ஆனால் வேறு அர்த்தத்தில். தளம் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தில் விற்கும் விற்பனையாளருக்கும் இதே கடமை உண்டு. 40 நாளும் சாட்டிலேயே போனதால் அந்தக் கெடு இன்னும் ஓடவே தொடங்கவில்லை என்று அவர்கள் வாதாட இடமிருக்கிறது. இன்றே தொடங்கி வையுங்கள்.

அலுவலரின் முகவரி ஆப்பின் அடியில், யாரும் படிக்காத விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடாதீர்கள். அங்கே போலி எண்கள் மலிந்து கிடக்கின்றன; ரீஃபண்ட் தருவதாகச் சொல்லி ஓடிபி கேட்பார்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டியிருக்கும்.

மின்னஞ்சல் நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

‘ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் 4,890 ரூபாய் செலுத்தினேன். விளம்பரத்தில் 750 வாட். வந்த பொருளின் தகட்டில் 500 வாட். படம் இணைத்துள்ளேன். இந்தத் தேதியில் ரிட்டர்ன் கோரினேன். எடுக்க வந்தவர் பொருளை எடுக்கவில்லை. நான் ரத்து செய்யவும் இல்லை. பொருளை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தரவும். புகாருக்கு டிக்கெட் எண் தரவும். மின்வணிக விதிகளின் 5-வது விதிப்படி விற்பனையாளரின் முகவரி, மின்னஞ்சல் விவரங்களை எழுத்தில் தரவும்.’

கடைசி வரி முக்கியம். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் தலைமையிட முகவரி உட்பட எல்லா விவரங்களையும் தளம் தந்தாக வேண்டும். முகவரி இல்லாமல் நோட்டீஸ் அனுப்ப முடியாது. பல புகார்கள் அங்கேயே முடங்குகின்றன. இன்வாய்ஸ் பிடிஎஃப்-ஐயும் இறக்கி வையுங்கள். விற்பனையாளர் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் அதில் இருக்கும்.

ஆதாரத்தில் தகட்டின் படத்துக்குத்தான் முதலிடம். மிக்ஸியைக் கவிழ்த்து, பெட்டியில் ஒட்டிய ஷிப்பிங் லேபிளும் தகடும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். வேறு மிக்ஸியின் தகட்டைக் காட்டுகிறீர்கள் என்ற வாதம் அடிபடும். பொருள் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கே 500 வாட் என்று திருத்திவிடுவார்கள். சாட், ரிட்டர்ன் ரத்தான திரை, எல்லாம் தேதி தெரியும்படி வேண்டும். பிறகு இவற்றை நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது, மின்னணு ஆதாரங்களுக்கான சான்றிதழையும் (சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 63-வது பிரிவு) இணைத்துவிட்டால் வம்பில்லை. மிக்ஸியில் ஒரு சட்னிகூட அரைக்காதீர்கள். பயன்படுத்திய பொருளுக்குப் பணம் கேட்கிறார் என்று சொல்ல அது போதும்.

ரிவ்யூ விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம். ‘750 வாட் என்று போட்டிருந்தார்கள், வந்தது 500 வாட், ரிட்டர்ன் எடுக்கவில்லை’ என்பது ஆதாரமுள்ள உண்மை. பிற வாங்குபவர்களின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு சொல்லும் உண்மைக்கு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356-வது பிரிவிலேயே விலக்கு உண்டு. ‘திருட்டுப் பயல்கள்’ மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். போனில் பேசியதை எழுத்துக்குக் கொண்டு வாருங்கள்: ‘இன்று மாலை 4.10-க்கு நீங்கள் அழைத்து, ரிவ்யூவை நீக்கினால்தான் பணம் தருவேன் என்றீர்கள்’ என்று அவருக்கு ஒரு மெசேஜ். அவர் மறுத்தாலும், பதிலே தராவிட்டாலும், உடனே எழுதி வைத்த பதிவு உங்களிடம் இருக்கும். பணம் கணக்கில் ஏறும்வரை எதையும் நீக்காதீர்கள்.

மின்னஞ்சல் அனுப்பிய கையோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, ஆனால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். சாட்டில் கிடைக்காத ரீஃபண்ட் இங்கே கிடைப்பதுண்டு.

ஒரு மாதத்தில் தீரவில்லையென்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. தளத்தின் விதிமுறையில் ‘வழக்கு பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டுமே’ என்ற நிபந்தனை இருந்தாலும் அது உங்களைத் தடுக்காது. தகராறை நடுவர் ஒருவர் முன்தான் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று 2018-இல் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனாலும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று அனுப்புவது நல்லது.

புகாரை எழுதும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘மிக்ஸி பழுது’ என்று எழுதாதீர்கள். சோதித்துத்தான் கண்டறிய முடியும் என்ற குறையாக இருந்தால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும், அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும், காலமும் இழுக்கும். ‘விளம்பரம் செய்த பொருள் வரவில்லை’ என்று எழுதினால் தகடு ஒன்றே போதும்.

எதிர்மனுதாரர்களாக விற்பனையாளரையும் தளத்தையும் சேருங்கள். உற்பத்தியாளர் வேண்டாம்; அவர் 500 வாட் மிக்ஸியை 500 வாட் என்றுதான் செய்திருக்கிறார். கூடுதலாக ஒருவர் என்றால் கூடுதலாக ஒரு வாய்தா. ‘இடைத்தளம்’ என்ற பாதுகாப்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவில் நிபந்தனையோடு இருப்பது. பணத்தை வாங்கியது, ஆளை அனுப்பியது, நீங்கள் ரத்து செய்யாததை ரத்து செய்ததாகக் காட்டியது, எல்லாம் தளத்தின் சொந்தச் சேவை. அதில் உள்ள குறைபாட்டுக்குத் தளமே பொறுப்பு என்று தனிப் பத்தியில் எழுதுங்கள்.

தாக்கல் இ-ஜாக்ரிதி இணையதளத்தில். செலுத்திய விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, விலையை வைத்தே கட்டணம் என்பதால் சிலர் 5,000 ரூபாய்ப் பொருளுக்கு 10 லட்சம் இழப்பீடு கேட்கிறார்கள். புகாரின் மதிப்புதான் குறைகிறது. 4,890 ரூபாய், அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காணொளி விசாரணைக்கும் மனு கொடுக்கலாம். புகார் தரப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் மின்னஞ்சலை இன்றிரவே அனுப்பிவிடுங்கள்.