இன்ஜின் மாற்றினோம், இப்போது கியர் மக்கர் பண்ணுகிறது

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் டெல்டா பக்கமிருந்து இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். தண்ணீரில் இறங்கி இன்ஜின் போயிருக்கும். செகண்ட் ஹேண்ட் இன்ஜின் ஏற்றியிருப்பார்கள். அப்புறம் ஆட்டோமேட்டிக் கியரில் தகராறு.

ஸ்டார்ட் ஆகிறது. டி போட்டாலும் ஆர் போட்டாலும் வண்டி நகரவில்லை. கியர் பாக்ஸையும் மாற்றச் சொல்கிறார்கள். (மன்னார்குடி)

அவசரப்படாதீர்கள். முன்பு நன்றாக ஓடிய கியர் பாக்ஸ் என்றால், வேலை நடந்தபோது கை பட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கன்வெர்ட்டரை (இன்ஜினின் சுழற்சியை ஆயில் மூலம் கியர் பாக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்) வெளியே எடுத்திருந்தால் நிறைய ஆயில் கொட்டியிருக்கும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியருக்கும் ஒரு சுற்று போய்விட்டு 'பி'க்கு வாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே, ஆயில் சூடாக இருக்கும்போதுதான் கியர் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும்.

ஆயில் சரியாக இருந்தும் நகரவில்லை, முன்பக்கமிருந்து ஊளையிடுவது போல் சத்தம் வருகிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். கன்வெர்ட்டர், கியர் பாக்ஸின் ஆயில் பம்பில் முழுதாக உட்காராமல் இன்ஜினைச் சேர்த்திருக்கலாம். கன்வெர்ட்டரைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளும்போது இரண்டு மூன்று முறை 'டக்'கென்று இறங்கும். இன்ஜினைச் சேர்த்த பிறகும், போல்ட் போடும் முன் அது கையால் லேசாகச் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (இன்ஜின் பக்கம் கன்வெர்ட்டரை போல்ட் போட்டு மாட்டும் தகடு) கன்வெர்ட்டருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் உடையும். நானே ஆரம்ப காலத்தில் அப்படி ஒரு பம்பை உடைத்திருக்கிறேன். அன்றிலிருந்து கையால் சுற்றிப் பார்க்காமல் ஒரு போல்ட்டும் போடுவதில்லை.

மூன்றாம் கியரிலேயே நிற்கிறது, லைட் எரிகிறது. (கும்பகோணம்)

பாதுகாப்புக்காக வண்டி தானே ஒரு கியரில் நின்றுகொள்கிறது. இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயரை மாட்ட மறந்தார்களா, பிளக் ஏதாவது சரியாக அமரவில்லையா என்று பாருங்கள். வந்த இன்ஜின் வேறு வருட மாடல் என்றால் அதன் சென்சார் உங்கள் வண்டியின் ஈ.சி.யு.வுக்கு (வண்டியைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஒத்துப்போகாமலும் இருக்கலாம். ஸ்கேனரில் காட்டும் பிழைக் குறியீட்டை (எரர் கோட்) அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கியர் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது. (திருத்துறைப்பூண்டி)

தண்ணீர் கலந்துவிட்டது. வெள்ளத்தில் பிரீதர் (கியர் பாக்ஸின் காற்றுத் துளை) வழியாகப் போயிருக்கலாம். அல்லது ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கலாம். வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் லைனிங் தண்ணீரில் ஊறிப் பெயர்ந்துவிடும். இரண்டே நாளில் ஆயிலை மாற்றியவர் தப்பிக்கலாம். ஒரு மாதம் ஓட்டியவர் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும். கூலர்தான் காரணம் என்றால் ரேடியேட்டரை மாற்றாமல் புது ஆயில் ஊற்றுவது வீண் செலவு.

என் வண்டி ஏ.எம்.டி. இன்ஜின் மாற்றியதிலிருந்து குலுங்குகிறது. (பட்டுக்கோட்டை)

ஏ.எம்.டி. என்பது கிளட்ச்சையும் கியரையும் வண்டியே தானாக மாற்றிக்கொள்ளும் மேனுவல் கியர் பாக்ஸ். இதில் கன்வெர்ட்டரே கிடையாது, சாதாரண கிளட்ச்தான். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் வைத்து வண்டியின் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டியை டிராக்டரில் கட்டி திருவாரூர் வரை இழுத்துப் போகலாமா? (கூத்தாநல்லூர்)

வேண்டாம். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் ஓடினால்தான் பம்ப் ஆயிலை அனுப்பும். இழுக்கும்போது உள்ளே ஆயில் இல்லாமல் தேயும். சேற்றிலிருந்து ரோட்டுக்கு ஏற்றச் சில அடி 'என்'னில் (நியூட்ரல்) இழுக்கலாம். அதற்கு மேல் வண்டியை முழுசாக ஏற்றிப் போகும் லாரிதான்.