ஜிஆர் 86: ட்ராக்கிலும் தெருவிலும் – கேள்வி பதில்

டொயோட்டா ஜிஆர் 86 காரின் ஆறு கியர் மானுவல் வகை குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: 2012இல் வந்த பழைய 86 காரை ஓட்டியவன் நான். புதியதில் உணரத்தக்க வேறுபாடு உண்டா?

முதல் வளைவிலேயே உணர்வீர்கள். பழைய 2.0 லிட்டர் இன்ஜின் தன் 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 6,400 சுற்றுகளைத் தாண்டித்தான் முழுமையாகத் தந்தது. நாலாயிரத்தை ஒட்டி ஒரு தொய்வும் இருந்தது. புதிய 2.4 லிட்டர் இன்ஜின் 250 நியூட்டன் மீட்டரை 3,700 சுற்றுகளிலேயே தந்துவிடுவதால், வளைவிலிருந்து வெளியேறும்போது கியரைக் குறைக்கலாமா என்று தயங்க வேண்டியிருப்பதில்லை.

கேள்வி: டர்போ பொருத்தினால் என்ன, ஐயா?

இப்போதைக்கு வேண்டாம். முதலில் பிரேக்கைக் கவனியுங்கள்.

கேள்வி: பந்தய ட்ராக்கில் ஐந்தாறு சுற்று ஓட்டிய பின் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

டிஸ்க்கின் மீது பழி போடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கோ அந்த வரம்பு 155 பாகைதான். ட்ராக் வெப்பத்தில் அது கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், நீங்கள் மிதிக்கும் விசை பிஸ்டனைத் தள்ளாமல் குமிழ்களை நசுக்குவதிலேயே வீணாகிறது. ஆகவே கொதிநிலை உயர்ந்த புதிய ஆயிலையும், வெப்பம் தாங்கும் பிரேக் பேடுகளையும் போடுங்கள். ஆனால் முழு ட்ராக் பேடுகள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது, கீச்சிடவும் செய்யும்; அவற்றோடு அலுவலகம் போய்வருவது எனக்குச் சரிப்படவில்லை.

கேள்வி: வலப்பக்க வளைவுகளில் இன்ஜின் ஆயில் அழுத்தம் குறையும் என்கிறார்களே?

பிடிப்பு மிகுந்த டயர்களோடு நீண்ட வலப்பக்க வளைவுகளில் அழுத்தம் சரிவதை உரிமையாளர்கள் பலர் அளந்திருக்கிறார்கள். ஜப்பானின் சுகுபா ட்ராக்கின் கடைசி வளைவு அத்தகையதுதான். ட்ராக்குக்குப் போகும்முன் இன்ஜின் ஆயிலின் அளவைப் பாருங்கள். ஓர் அழுத்தமானியும் பொருத்துங்கள். வழக்கமான தெருவோட்டத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டில் இருப்பது இந்த ஒரு கார் மட்டும் என்றால் சமாளிக்க முடியுமா?

இருவர் என்றால் முடியும். பின்னிருக்கையில் பெரியவர் உட்கார முடியாது; குழந்தை இருக்கையைப் பொருத்திவிட்டால் முன்னிருக்கையை நகர்த்த இடமில்லாமல் போகும். கரடுமுரடான சாலையில் டயர் இரைச்சல் நன்றாகவே கேட்கிறது. அது ஒன்றுதான் நெடும்பயணத்தில் என்னைச் சோர்வடையச் செய்கிறது. நெரிசலில் கிளட்ச் காலை வருத்துவதில்லை. டிக்கி சிறியதாயினும், பின்னிருக்கையின் முதுகைச் சாய்த்தால் நான்கு டயர்கள் சக்கரத்தோடு உள்ளே அடங்கும். ட்ராக் டயர்களை ஏற்றிக்கொண்டு போய், அங்கே மாற்றி ஓட்டிவிட்டு, தெரு டயர்களில் வீடு திரும்பலாம்.