லால்பாக்கும் கோட்டையும்: ஒரே காலையில் பார்த்து முடிக்கலாமா?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரவு ரயிலில் சென்னையிலிருந்து பெங்களூருக்குத் தனியாக வருகிறேன். விடியற்காலையில் இறங்கினால் மதியம் ஒரு மணி வரை நேரம் இருக்கிறது. லால்பாக், கோட்டை இரண்டையும் பார்க்க முடியுமா? எதை முதலில் பார்ப்பது? கோட்டையில் பார்க்க ஒன்றுமே இல்லை என்கிறார்களே, உண்மையா?"

தாராளமாகப் பார்க்கலாம். முதலில் லால்பாக், அப்புறம் கோட்டை. தோட்டம் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். கோட்டைப் பகுதியில் இருக்கும் திப்புவின் அரண்மனை திறக்க எட்டரை ஆகும். வரிசையை மாற்றினால் பூட்டிய கதவின் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

பெட்டியை ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிடுங்கள். பூட்டாத பெட்டியை வாங்க மாட்டார்கள், அதனால் ஒரு பூட்டு கொண்டுவாருங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோ பிடித்தால் நான்காவது நிறுத்தம் லால்பாக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெட்ரோ தாமதமாகத் தொடங்கும்.

தோட்டம் 240 ஏக்கர். எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்தால் கால்தான் வலிக்கும். மேற்கு வாசலில் நுழைந்து கண்ணாடி மாளிகை, அங்கிருந்து பாறை, பிறகு பிரதான வாசல் வழியாக வெளியே வருவது போதும். கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டினார்கள். அப்போது தோட்டத்தைக் கவனித்துவந்த ஜான் கேமரன்தான் சௌசௌவையும் இங்கே கொண்டுவந்தவர். நம் வீடுகளில் அதைப் பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்வது சும்மா இல்லை!

பாறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதுள்ள கல் அது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பே கவுடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் நிற்கிறது. மழை பெய்திருந்தால் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும். தனியாக வருகிறோமே என்ற தயக்கம் வேண்டாம். காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் கூட்டம் பெரியது, பெண்களும் நிறைய வருவார்கள். ஆளில்லாத ஓரப் பாதைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பிரதான வாசலிலிருந்து சிறிது தூரத்தில் மாவள்ளி டிபன் ரூம்ஸ், 1924 முதல் இயங்கும் கடை. ரவா இட்லி அங்கேதான் பிறந்தது என்பார்கள். திங்கட்கிழமை விடுமுறை. சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில், கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள கிருஷ்ணராஜ மார்க்கெட் வந்துவிடலாம். மார்க்கெட் நெரிசலில் கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். வழி கேட்கத் தமிழே போதும், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

இனி கோட்டை. ஒன்றுமே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் செஞ்சியையோ வேலூரையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். மிஞ்சியிருப்பது டெல்லி வாசலும் அதையொட்டிய மதில்களும்தான். கெம்பே கவுடர் 1537-இல் எழுப்பிய மண்கோட்டையை ஹைதர் அலி 1761-இல் கல்லால் கட்டினார். லால்பாக்கை அவர் தொடங்கியது 1760-இல். ஒரே மனிதர் அடுத்தடுத்த ஆண்டுகளில் கைவைத்த இரண்டு இடங்கள் இவை என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தச் சின்ன வாசலும் பெரிதாகத் தெரியும்.

1791 மார்ச் 21 அன்று கார்ன்வாலிஸின் ஆங்கிலேயப் படை மதிலை உடைத்து உள்ளே புகுந்தது. கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரிட்டு மாண்டார். படை புகுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு மதிலின் வெளிப்புறத்தில் இருக்கிறது. பலர் உள்ளே மட்டும் சுற்றிவிட்டு இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வெளியே வந்து மதிலோரமாக நடந்து தேடிப் பாருங்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் திப்புவின் கோடை அரண்மனை. அதுவும் பழைய கோட்டைக்குள் இருந்த இடம்தான். இடையில் இருந்த மதில் போய்விட்டதால் இப்போது தனித்தனியாகத் தெரிகிறது. ஹைதர் 1781-இல் தொடங்கி, திப்பு 1791-இல் முடித்த தேக்குமர மாளிகை அது. மாடி முகப்பிலிருந்துதான் திப்பு தர்பார் நடத்தினார். சுவரில் மங்கிப்போன பூ வேலைப்பாட்டை நின்று நிதானமாகப் பாருங்கள். கோட்டை வாசலுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குவேன் நான்.

பக்கத்திலேயே கோட்டே வெங்கடரமணர் கோயில், மைசூர் உடையார்கள் கட்டியது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள். மார்க்கெட் மெட்ரோவிலிருந்து மெஜஸ்டிக் இரண்டாவது நிறுத்தம். பன்னிரண்டரைக்குக் கிளம்பினாலும் ஒரு மணிக்குள் பெட்டி உங்கள் கையில் இருக்கும்.