சூமோ பட்டை ஏன் தெரியவில்லை?

பினாங்கு நண்பருக்கு வணக்கம். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனையில், என்பிஎம்1 புரதத்தில் சூமோ (மற்ற புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு புரதம்) ஒட்டியதைக் காட்டும் பட்டை ஒருமுறைகூடத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆன்டிபாடியை உடனே சந்தேகிக்காதீர்கள். புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிய சூமோவைக் கழற்றும் சென்ப்3 நொதி என்பிஎம்1 இருக்கும் அதே நியூக்ளியோலசில்தான் (உட்கருவில் ரைபோசோம் உருவாகும் பகுதி) இருக்கிறது. ரைபோசோமின் 28எஸ் ஆர்என்ஏ முதிர்வதற்கே அந்தக் கழற்றல் தேவை. செல்லை உடைத்த பிறகும் சென்ப் நொதிகள் ஓய்வதில்லை, பட்டையை அவையே அழித்துவிடும். அவற்றின் வேலை அவற்றிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை நம்பியது. ஆகவே செல்லை உடைக்கும் கரைசலில், சிஸ்டீனை அடைத்துவிடும் என்-எத்தில்மாலிமைடை 20 மில்லிமோலார் அளவில் சேருங்கள். அது நீரில் சிதையும். அன்றன்றைக்கு எத்தனாலில் கரைத்துக்கொள்ளுங்கள். உடைக்கும் கரைசலில் டிடிடி என்ற ஒடுக்கி இருந்தால் அது என்-எத்தில்மாலிமைடைப் பிடித்துக்கொள்ளும், எல்லாம் வீண்! கோலாலம்பூரில் நான் மூன்று மாதம் இழந்தது அதனால்தான். பட்டை மங்கலாக வந்தாலும் தளராதீர்கள்: ஒரு நேரத்தில் சூமோ ஏந்தியிருப்பது பெரும்பாலும் புரதத்தின் சிறு பங்குதான்.