ஸ்கர்ட்டிங்கைக் கழற்றும்வரை பலகையைத் தொடாதீர்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீடு. ஹாலுக்கு டைல்ஸ், படுக்கையறைக்கு லேமினேட். பொள்ளாச்சியில் இருக்கும் மனைவி வழி உறவினர்தான் சாமானும் கூலியும் சேர்த்து 64,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் எடுத்து, ஏப்ரலில் முடித்தார். ஜூன் மழையில், இரண்டு தரையும் சேரும் நிலைவாசலில் பலகை கூடாரம்போல் எழும்பிவிட்டது. அம்மா இடறி விழுந்தார். அந்த உறவினரைக் கூப்பிட்டால் போன் எடுப்பதில்லை. சொந்தக்காரர் என்று நம்பியதற்கு இதுதான் கூலியா? 12,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறேன். இரண்டு தரைக்கும் நடுவில் இணைப்பை மூடும் பட்டி (மெல்லிய பட்டை) அடித்தால் அசிங்கமாக இருக்கும், வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சொன்னது நான்தான். அடுத்த வாரம் வேறு ஆளை வைத்துப் பெயர்த்துவிட்டு நுகர்வோர் வழக்குப் போடலாமா?

பதில்: போன் எடுக்காததும் உறவில் வந்த மனக்கசப்பும் வழக்கில் ஒரு வரிக்குக்கூட உதவாது. அம்மா விழுந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விடுங்கள். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடம் போதும், பொள்ளாச்சிக்கு அலைய வேண்டியதில்லை. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வாட்ஸ்அப் வரி, வழக்கே அதில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அதைத்தான்: "அவர் கேட்டபடிதான் போட்டோம்." ஆனால் பட்டி வேண்டாம் என்பது வேறு, இடைவெளி வேண்டாம் என்பது வேறு. லேமினேட் தரையோடு ஒட்டாமல் மிதக்கிற பலகை. ஈரத்தில் விரியும். அதற்காகச் சுவரோரத்திலும் வாசலிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் விட வேண்டும். பட்டி பிடிக்காவிட்டால் அந்தச் சந்தில் கார்க் வைக்கலாம். இதைச் சொல்ல வேண்டியது தொழில் தெரிந்தவரின் கடமை. அவர் அப்படி எச்சரித்ததாக ஒரு மெசேஜும் இல்லையென்றால் நீங்கள் தப்பலாம். ஆணையம் பழியில் பாதியை உங்கள்மேல் போடவும் கூடும்.

சுவரோரத்தில் என்ன செய்திருக்கிறார் என்பதுதான் இதைத் தீர்க்கும். அங்கே பட்டி என்ற பேச்சே எழவில்லை. ஸ்கர்ட்டிங்கை (சுவரடியில் ஓடும் பட்டையை) கழற்றிப் பார்த்து அங்கேயும் இடைவெளி விடாமல் முட்டவிட்டிருந்தால் தவறு முழுக்க அவருடையது, உங்கள் மெசேஜுக்குப் பலம் போய்விடும். சுவரோரத்தில் ஒழுங்காக விட்டிருந்தால் கதை வேறு.

அதனால்தான் சொல்கிறேன், அடுத்த வாரம் பெயர்க்காதீர்கள். என் கட்சிக்காரர்கள் அதிகம் விழுகிற குழி இதுதான். ஒருவர் முப்பது போட்டோவோடு வந்தார். எல்லாம் எழும்பிய பலகையின் போட்டோ. சுவரோரத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று காட்ட ஒன்றுகூட இல்லை. பலகையோ பழைய சாமான்காரனிடம் போயிருந்தது. "தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், அதனால் ஊறியது" என்றது எதிர்த்தரப்பு. மறுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. பலகையை எடுத்த நிமிடமே அது எதில் முட்டி நின்றது என்ற அளவு போய்விடுகிறது. புகாரோடு ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டு, ஆணையம் நியமிக்கும் விவரம் தெரிந்த கமிஷனர் ஒருவர் முன்னிலையில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி அளக்க வேண்டும். அதுவரை அந்த அறையைப் பூட்டி வையுங்கள், அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

ஒப்பந்தக்காரரே மனமிரங்கி "நான் வந்து மாற்றித் தருகிறேன்" என்றாலும் எழுத்தில் வாங்காமல் உள்ளே விடாதீர்கள். இன்னொன்று, "அடுத்த வாரம்" என்று அவர் சொல்லிச் சொல்லியே காலம் ஓடிவிடும். வழக்குப் போட உள்ள இரண்டு வருடக் கெடு நோட்டீஸ் அனுப்புவதால் நீளாது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் அபிப்பிராயம்: சமாதானமாகப் போங்கள். கமிஷனருக்கான படியை முதலில் கட்டப்போவது நீங்கள்தான். வழக்கு கேரளத்தில் என்பதால் தமிழ் மெசேஜுக்கெல்லாம் மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். பிரச்சினையோ மூன்றடி வாசல். உங்கள் கையில் 12,000 இருக்கிறது, அது எந்த நோட்டீஸையும்விட வேகமாகப் பேசும். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: இருவர் முன்னிலையில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி அளந்து படம் எடுப்பது, அறையைச் சுற்றிலும் இடைவெளி விட்டு மறுபடி போடுவது, வாசலில் பட்டி அடிப்பது. ஆம், பட்டிதான். அழகை இந்த முறை மறந்துவிடுங்கள். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அந்தக் காகிதத்தில் இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாக்கிப் பணம் ஐப்பசி மழை கழிந்து தரை படுத்தே இருந்தால் மட்டும்.