எதை எத்தனை டிபிஐயில் ஸ்கேன் செய்வது?

கேள்வி: எங்கள் ஊரின் சிறிய அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 3000 கடிதத் தாள்களும், 400 பழைய புகைப்படங்களும், ஒரு பெட்டி நிறைய 35 மி.மீ. நெகட்டிவ்களும், சில ஓலைச்சுவடிகளும் உள்ளன. ஸ்கேன் செய்து தர முன்வந்தவர்கள் எல்லாவற்றையும் 1200 டிபிஐயில் எடுக்கலாம் என்கிறார்கள். எங்கள் குழுவினரோ 300 போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எண்ணை வைப்பதுதான் இங்கே பிழை. 1200 என்பது உங்கள் கடிதங்களுக்கு மிக அதிகம், நெகட்டிவ்களுக்கோ மிகக் குறைவு. டிபிஐ என்பது பொருளின் ஓர் அங்குல நீளத்தை எத்தனை படப்புள்ளிகளாகப் பதிவு செய்கிறோம் என்ற கணக்கு. ஆகவே, அந்தப் பொருளில் காப்பாற்றியே ஆகவேண்டிய மிகச் சிறிய விவரம் எது என்பதைக் கண்டபிறகே அதை முடிவு செய்ய இயலும்.

தமிழ்க் கடிதத்தில் அந்த மிகச் சிறிய விவரம் பெரும்பாலும் மெய்யெழுத்தின் புள்ளி. நுனி மெல்லிய பேனாவால் வைத்த 0.3 மி.மீ. புள்ளி, 150 டிபிஐயில் இரண்டு படப்புள்ளிகளைக்கூட எட்டாது. 300இல் மூன்றரையும், 400இல் ஏறத்தாழ ஐந்தும் கிடைக்கும். பழுப்பேறிய தாளில் அது புள்ளியா, பூஞ்சைக் கறையா என்று பிரித்தறிய அந்தக் கூடுதல் படப்புள்ளி பெரிதும் உதவுகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதனால் கடிதங்களுக்கு 400 டிபிஐ, 24 பிட் வண்ணம் (முழு வண்ணப் பதிவு) என்று பரிந்துரைப்பேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மையின் நிறமும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பும் மங்கிவிடும்.

அதற்கு மேல் போனால் தாளின் நார்தான் துலக்கமாகத் தெரியுமே தவிர, எழுத்தில் புதிதாக எதுவும் கிடைக்காது. செலவோ பன்மடங்காகும். ஏ4 தாள் ஒன்றின் சுருக்கப்படாத டிஃப் (TIFF என்ற படக்கோப்பு வகை) கோப்பு 400 டிபிஐயில் சுமார் 46 எம்பி, 1200இல் சுமார் 417 எம்பி. 3000 தாள்களுக்கு முன்னது 140 ஜிபிக்குள் அடங்கும், பின்னது 1250 ஜிபியைத் தொடும். தனித்தனி இடங்களில் மூன்று பிரதிகள் வைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

தாளில் அச்சான புகைப்படங்களுக்கு 600 பொருத்தமானது. பாஸ்போர்ட் அளவுப் படங்களை மட்டும் 1200இல் எடுங்கள்; பின்னாளில் பெரிதாக்கிக் காட்சிக்கு வைக்கத் தேவைப்படும்.

நெகட்டிவ் முற்றிலும் வேறு கணக்கு. 24 × 36 மி.மீ. பரப்பை 1200இல் எடுத்தால் நீளவாட்டில் சுமார் 1700 படப்புள்ளிகளே கிடைக்கும். அமெரிக்க அரசு நிறுவனங்களுக்கான ஃபாட்ஜி வழிகாட்டுதலின் உயர்ந்த தரநிலை இதற்கு 4000 என்கிறது. அப்போது நீளவாட்டில் ஏறத்தாழ 5670 படப்புள்ளிகள் பதிவாகும். இங்கே ஓர் எச்சரிக்கை: தட்டை ஸ்கேனரின் பெட்டியில் 4800, 9600 என்று அச்சிட்டிருந்தாலும் உண்மையில் பிரித்துக் காட்டும் திறன் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இருக்கும் படப்புள்ளிகளைக் கொண்டு இடையில் ஊகித்துப் புள்ளிகளை நிரப்பிக் காட்டும் எண்ணை ஒருபோதும் ஏற்காதீர்கள். ஃபிலிமுக்கென்றே செய்யப்பட்ட ஸ்கேனரைக் கேட்டுப் பெறுங்கள்.

ஓலைச்சுவடியைத் தயவுசெய்து தட்டை ஸ்கேனரில் வைக்க விடாதீர்கள். மூடி அழுத்தினால் உலர்ந்த ஏடு நொறுங்கிவிடும். தாங்கியில் நிறுத்திய கேமராவால் மேலிருந்து எடுப்பதே முறை. 40 செ.மீ. ஏடு, கேமராவின் 6000 படப்புள்ளி அகலமுள்ள படச்சட்டத்தை முழுதாக நிரப்பினால் சுமார் 380 டிபிஐ கிடைக்கும். எழுத்தாணிக் கீறலுக்கு அது போதும். மை போன ஏட்டுக்கு டிபிஐயைக் கூட்டுவதைவிட, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து கீறலில் நிழல் விழச் செய்வதே அதிகம் உதவும்.

ஒப்பந்தம் செய்யுமுன், ஒவ்வொரு வகையிலும் மிகவும் மங்கியதாக ஐந்தைத் தேர்ந்து, அருங்காட்சியகத்திலேயே உங்கள் கண்முன் சோதனையாக எடுக்கச் சொல்லுங்கள். கூர்மையேற்றும் வசதியை அணைத்துவிட்டு எடுத்த டிஃப் கோப்பைத் திரையில் 100 விழுக்காட்டில் திறந்து, மூலத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து ஒப்பிடுங்கள். கண்ணாடியில் தெரியும் புள்ளி திரையில் தெரியாவிட்டால், அந்த வகைக்கு மட்டும் எண்ணைக் கூட்டச் சொல்லுங்கள்.