நன்றாக வருகிற வேலையும் பிடித்த வேலையும்: வாசகர் கேள்வி-பதில்

என் டீமில் எட்டுப் பேர். யாருக்கு எது பலம் என்று கேட்டால், "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் சார்" என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்ரைசல் வாடை அடிக்கிற கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். "போன வாரம் எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தீர்கள்?" இந்த இரண்டும் போதும். அப்புறம் கொஞ்ச நாள் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் மற்றவர்கள் யார் மேஜைக்குப் போகிறார்கள்?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கணக்குப் பிரிவில் ஒரு பெண் இருந்தார். மாதக் கடைசியில் கணக்கை முடிப்பதில் எப்போதும் அவர்தான் பின்தங்குவார். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரையே சுற்றி நிற்பார்கள். வீணான பிரிண்ட் அவுட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, "இந்தத் தொகை ஏன் இங்கே வருது, சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பிப்பார். அவருடைய கணக்கு வேலையில் பாதியை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை அவரிடம் கொடுத்தோம். அடுத்த சில மாதங்களில் புதியவர்களின் தவறுகள் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், மீதி இருந்த கணக்கையும் அவர் நேரத்துக்கு முடிக்க ஆரம்பித்தார்.

இதற்கென்று டெஸ்ட்கள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் 24 குணப் பலங்களைப் பட்டியலிட்டார்கள். இன்னொரு உளவியலாளர் டொனால்ட் கிளிஃப்டன் உருவாக்கிய டெஸ்ட் பலங்களில் 34 வகைகளைச் சொல்கிறது. பேச்சைத் தொடங்க இவை நல்ல சாக்கு. ஆளை எடுக்கவோ சம்பளம் முடிவு செய்யவோ பயன்படுத்தாதீர்கள். செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் முக்கியப் பலத்தை ஒரு வாரம் தினமும் புதிய விதத்தில் பயன்படுத்தியவர்களின் மகிழ்ச்சி கூடியது. ஆறு மாதம் கழித்தும் அது தெரிந்தது. பலம் எது என்று தெரிந்துகொண்டதோடு நின்றவர்களிடம் அது நீடிக்கவில்லை. ரிசல்ட்டைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைக்கும் அலுவலகங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்!

அப்படியானால் பலவீனத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாமா?

அடுத்தவர் வேலையைக் கெடுக்காத அளவுக்காவது சரிசெய்யத்தான் வேண்டும். மெயிலுக்குப் பதில் போடாதவர், "அது என் பலம் இல்லை" என்று தப்பிக்க முடியாது.

எனக்கு எக்செல் நன்றாக வரும். அதனாலேயே எல்லா ரிப்போர்ட்டும் என் தலையில். வெறுத்துப்போச்சு.

நன்றாக வருவதெல்லாம் பலம் அல்ல. செய்து முடித்ததும் தெம்பு வருகிறதா, ஆளே காலியாகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு இரண்டாவது. ரெஸ்னெஸ்கி, டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். சிலர் நோயாளிகளுடன் பேசுவதையும் அவர்களுக்கு ஒத்தாசை செய்வதையும் தாங்களாகவே வேலையோடு சேர்த்துக்கொண்டார்கள். பதவி அதேதான், வேலையின் ருசி மாறிவிட்டது. நீங்களும் மேனேஜரிடம் பொத்தாம்பொதுவாகப் புலம்பாமல், "வாராந்திர ரிப்போர்ட்டை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறேன், அந்த மூன்று மணி நேரத்தில் இதைச் செய்கிறேன்" என்று கேளுங்கள். "இதை" என்ற இடத்தில் என்ன வரும் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொண்டு போங்கள்.